பெட்டி போய்ச் சாவி வந்தது

1944-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த ‘ஹரிதாஸ்’ திரைப்படம் சென்னை பிராட்வே கொட்டகையில் தொடர்ந்து மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பது தமிழ்த் திரையுலகின் சரித்திரத்தில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. எம். கே. தியாகராஜ பாகவதருடைய சாரீரத்தின் இனிமையும், அவர் மீது ஜனங்கள் கொண்டிருந்த அபிமானமும் அதற்கு முதற் காரணங்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும், ஒரு படம் ஒரே கொட்டகையில் ஈராண்டுகளுக்கு மேல் தங்கியிருந்து, ரசிகர்கள் தத்தம் சௌகரியம்போல் வந்து காண்பதற்கு இடங்கொடுத்ததென்றால், படங்களை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்த அக்காலத்து வர்த்தக முறையும் அதற்குத் துணையாக நின்றது என்பதை நாம் மறந்துவிடலாகாது. இன்று பெருநட்சத்திரம் நடித்த படமேயானாலும், வெளிவந்த நான்காம் வாரத்திலே கைபேசித் திரைக்குள் வந்துவிடுகிறது. சிறிய படமோ, பல வேளைகளில், ஒரு வெள்ளிக்கிழமையில் பிறந்து மறு வெள்ளிக்கிழமைக்குள் கொட்டகையை விட்டு நீங்கிவிடுகிறது. இவ்வளவு பெரிய மாறுதல் எவ்வாறு நேர்ந்தது, அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது, படம் பார்க்கும் பழக்கமுள்ள ஒவ்வொருவருக்கும் பயன்தரக் கூடியதே.

திரைப்படம் என்னும் சரக்கைப் பற்றி முதலில் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். சலனப்படம் நம் நாட்டுக்கு வந்த புதிதில், படச்சுருளை அடிக்கணக்கில் விலைகொடுத்து வாங்கி, தேயும்வரை காட்டிக்கொண்டிருப்பதே வழக்கமாயிருந்தது. திருச்சிராப்பள்ளியில் ரெயில்வே உத்தியோகத்திலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ஆம் ஆண்டில் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் சில படங்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றபோது, வியாபாரியும் விநியோகஸ்தரும் கொட்டகைக்காரரும் ஆகிய மூவரும் அவர் ஒருவரிடத்திலேயே அடங்கியிருந்தனர். படத்தை விற்பதை விடுத்து வாடகைக்குக் கொடுக்கும் முறையை 1907-இல் பாத்தே என்னும் பிரெஞ்சு நிறுவனம் தொடங்கிய பிறகுதான், படத்தைச் செய்பவர், அதைப் பரப்புபவர், அதைக் காட்டுபவர் என்ற மூன்று வகுப்புகள் உலகெங்கும் உருவாயின. அன்றிலிருந்து இவ்வியாபாரத்தில் கைமாறுவது சுருளின் விலையாக இராமல், இன்ன ஊரில் இன்ன காலம்வரை காட்டலாம் என்னும் உரிமையின் விலையாகவே இருந்துவருகிறது.

தமிழ்நாட்டில் அவ்வுரிமை ஏரியா வாரியாகப் பிரிக்கப்பட்டது. சென்னை நகரம், செங்கல்பட்டு, வட ஆற்காடு தென் ஆற்காடு, சேலம், கோயம்புத்தூர், திருச்சி தஞ்சாவூர், மதுரை ராமநாதபுரம், திருநெல்வேலி கன்னியாகுமரி என்பன அந்த ஏரியாக்கள். சர்க்கார் ஜில்லாக்களைப் பலமுறை பிரித்துப் புதுப்பெயரிட்ட பின்னும், மவுண்ட் ரோடை அடுத்த மீரான் சாகிப் தெருவில் கூடிய விநியோகஸ்தர்களின் கணக்குப் புத்தகங்களில் ‘எம்.ஆர்.’ என்றால் மதுரை ராமநாதபுரம்தான், ‘டி.டி.’ என்றால் திருச்சி தஞ்சாவூர்தான். ஒவ்வோர் ஏரியாவுக்கும் ஒரு விநியோகஸ்தர்; அவர் கையாண்ட முறைகள் முக்கியமாக மூன்று. குறிப்பிட்ட காலத்துக்கு உரிமை முழுவதையும் ஒரே தொகை கொடுத்து வாங்கிவிடுவது அவுட்ரேட். குறைந்தபட்சம் இவ்வளவு என்று ஒரு தொகைக்குப் பொறுப்பேற்று, அதற்கு மேல் வசூலானால் பங்கிட்டுக்கொள்வது மினிமம் கியாரண்டி என்னும் எம்.ஜி.; முன்பணம் கொடுத்துவிட்டுக் கமிஷனுக்கு வேலை செய்து, பணம் திரும்பாவிட்டால் மீதத்தைத் தயாரிப்பாளரிடமே கேட்பது அட்வான்ஸ். இவற்றுள் முதலிரண்டு முறைகளில் வாங்கிய விநியோகஸ்தர், மாந்தோப்பைப் பூப்பூக்கும் முன்பே குத்தகைக்கு எடுத்தவருடைய நிலைமையில் இருந்தார். காய்த்தாலும் உதிர்ந்தாலும் அவர் பாடு.

ஆனால் அவர் வெறும் இடைத்தரகராக இருந்துவிடவில்லை என்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். பூஜை போட்ட அன்றே, நடிகர் இன்னார், டைரக்டர் இன்னார் என்ற நம்பிக்கையின் பேரில் அவர் கொடுத்த முன்பணத்தில்தான் எத்தனையோ தயாரிப்பாளர்கள் ஸ்டூடியோ வாடகையும் தொழிலாளர் கூலியும் கொடுத்துப் படத்தை முடித்தார்கள். தம் ஏரியாவிலுள்ள எந்த ஊரில் எந்தக் கொட்டகையில் சரித்திரப் படம் ஓடும், எங்கே குடும்பக் கதைக்குப் பெண்கள் கூட்டம் வரும், அறுவடை முடிந்து கையில் காசு புரளும் மாதம் எது, எந்த மாதத்தில் பெட்டியை அனுப்புவது வீண் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவருடைய பிரதிநிதியாகிய ‘ரெப்’ ஒருவர் படப்பெட்டியோடு கொட்டகைக்கு வந்து, அங்கேயே தங்கி, டிக்கெட்டுகளை எண்ணித் தினசரி வசூல் கணக்கை எழுதி அனுப்புவார். படம் தோற்றால் நஷ்டம் இவர்கள் தலையில் விழுந்தது. 2002-இல் வெளியான ‘பாபா’ எதிர்பார்த்தபடி ஓடாதபோது, ரஜினிகாந்த் விநியோகஸ்தர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுத்தது இன்றும் பேசப்படுவதற்குக் காரணம், அவ்வாறு கொடுப்பது வழக்கத்தில் இல்லாததுதான்.

இந்த அமைப்பு முழுவதும் ஒரு பெட்டியைச் சுற்றி இயங்கியது. முப்பத்தைந்து மில்லிமீட்டர் பிலிம் ஒரு விநாடிக்கு 24 சட்டங்களாக, ஒரு நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி நீளம் ஓடும். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றின் பிரதியை நீட்டி விரித்தால் 13,500 அடி, அதாவது நான்கு கிலோமீட்டருக்கு மேல் வரும். எடை ஏறத்தாழ முப்பது கிலோ. பதினான்கு பதினைந்து ரீல்களாகத் தகரப் பெட்டிகளில் அடைத்து, ரெயிலிலும் பஸ்ஸிலும் ஏற்றி அனுப்பப்பட்ட அந்தப் பிரதி ஒன்றைத் தயாரிக்க, பிலிம் யுகத்தின் கடைசிக் காலத்தில், அரை லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் செலவாயிற்று. ஆகவே, பெரிய படத்துக்குக்கூட நெடுங்காலம் தமிழ்நாடு முழுமைக்கும் சில பத்துப் பிரதிகளே போடப்பட்டன. ஒரே பிரதியை இரண்டு கொட்டகைகள் பகிர்ந்துகொள்வதும் உண்டு. ஓரிடத்தில் ஓடி முடிந்த ரீலை ஒருவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு அடுத்த கொட்டகைக்கு விரைவார். வழியில் சைக்கிள் பஞ்சரானால் அங்கே காத்திருக்கும் ஜனங்கள் போடும் கூச்சலுக்கு ஆபரேட்டரே பதில் சொல்ல வேண்டும்.

பிரதிகள் குறைவாக இருந்தபடியால், படம் படிப்படியாகத்தான் கீழே இறங்கியது. முதலில் பெருநகரங்களான ஏ சென்டர்கள், அங்கே ஓய்ந்த பிறகு தாலுகா நகரங்களான பி சென்டர்கள், பல மாதங்கள் சென்று, கீறல் விழுந்து, வெட்டி ஒட்டப்பட்ட நிலையில் சி சென்டர்களான சிற்றூர்களும் டூரிங் கொட்டகைகளும். தலைநகரத்தில் வெள்ளிவிழாக் கொண்டாடிய படத்தைக் கிராமாந்தரத்து விவசாயி அடுத்த வருஷம்தான் பார்த்தார். அதுவும், வசூல் குறைகிறதென்று யாரோ இரண்டு பாட்டுகளை நடுவே வெட்டி எடுத்துவிட்ட பிரதியை. பழைய முறையில் இருந்த இந்த அநீதியை நினைவில் கொள்ளாமல், அக்காலமே பொற்காலம் என்று பேசுவது நியாயமாகாது.

விஞ்ஞானம் இந்தப் பெட்டியின் கனத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்தது. 1999-இல் அமெரிக்காவில் ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசைப் படமொன்று, விரல்விட்டு எண்ணத்தக்க சில அரங்குகளில், பிலிம் இல்லாமல் டிஜிட்டல் முறையில் காட்டப்பட்டது. 2002-இல் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்கள் ஒன்றுகூடி ஒரு குழுவை அமைத்து, 2005-இல் டிஜிட்டல் திரையிடலுக்கான தர விதிகளை வெளியிட்டன. படம் எந்த அளவு நுண்மையோடு இருக்க வேண்டும், எப்படிச் சுருக்கப்பட வேண்டும், எப்படிப் பூட்டப்பட வேண்டும் என்பனவெல்லாம் அதில் வகுக்கப்பட்டன. அந்த விதிகளுக்கு உட்பட்ட யந்திரங்கள் விலை மிகுந்தவை. நம் நாட்டிலோ, சென்னையில் செந்தில் குமார், ஜெயேந்திரா ஆகிய இருவர் நிறுவிய ரியல் இமேஜ் நிறுவனத்தின் கியூப் முறையும், சாட்டிலைட் வழியாகப் படத்தை அரங்குக்கு அனுப்பிய யூ.எப்.ஓ. முறையும், அவ்வளவு விலையுயர்ந்த கருவிகளுக்குக் காத்திராமல், நம் கொட்டகைக்காரர்களின் சக்திக்கு ஏற்ற கருவிகளோடு தொடங்கிச் சிற்றூர்களுக்குள்ளும் புகுந்தன. படத்தின் தரத்தில் முதலில் குறை இருந்தது உண்மையே. ஆயினும், கீறலும் வெட்டும் இல்லாத முழுப் படத்தை முதல் நாளிலேயே சிற்றூரின் ரசிகருக்குக் காட்டிய அந்தத் துணிவு, இந்தியத் திரைத் தொழிலில் நடந்த மெய்யான சமத்துவச் செயல்களில் ஒன்று என்பதே என் அபிப்பிராயம்.

அதன்பின் காரியங்கள் வேகமாக நடந்தன. 2012-இன் தொடக்கத்தில் கோடாக் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. 2013-இல் ப்யூஜி நிறுவனம் சினிமாப் பிலிம் உற்பத்தியை நிறுத்தியது. அதே ஆண்டு முடிவில் பாரமவுண்ட் ஸ்டூடியோ அமெரிக்காவில் பிலிம் பிரதிகள் வெளியிடுவதைக் கைவிட்டது. சென்னையில் இரவும் பகலும் பிரதிகள் கழுவிக்கொண்டிருந்த லேபுகள் ஓய்ந்தன. அங்கே வேலை பார்த்தவர்களும், நெகடிவை வெட்டி இணைப்பதில் கை தேர்ந்த பெண்களும், பெட்டி சுமந்தவர்களும், லைசென்ஸ் பெற்று இரண்டு புரொஜெக்டர்களுக்கிடையே ரீல் மாற்றிக் காலம் கழித்த ஆபரேட்டர்களும் தங்கள் வித்தைக்குத் தேவையில்லாமல் போனதை மௌனமாக ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்காகத் தொழில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

இப்போது படம் ஒரு ஹார்ட் டிஸ்க்கிலோ, சாட்டிலைட் வழியாகவோ, இணையம் வழியாகவோ அரங்கை அடைகிறது. டி.சி.பி. எனப்படும் அந்தத் தொகுப்பு, சாதாரணமாக 100 முதல் 300 கிகாபைட் அளவுள்ளது. அதை யாரேனும் திருடிக்கொண்டு போனாலும் பயனில்லை, அது பூட்டப்பட்டிருக்கிறது. திறக்கும் சாவி கே.டி.எம். என்னும் ஒரு சிறிய கணினிக் குறிப்பு, மின்னஞ்சலில் வந்துவிடும். அந்தச் சாவி குறிப்பிட்ட ஓர் அரங்கின் குறிப்பிட்ட யந்திரத்துக்கு மட்டும் பொருந்தும். குறிப்பிட்ட தேதியில், குறிப்பிட்ட மணியில் தொடங்கி, குறிப்பிட்ட நாளில் செல்லாததாகிவிடும். யந்திரம் பழுதாகி வேறொன்றை மாற்றினால், சாவியையும் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும். இதல்லாமல், திரையில் ஓடும் படத்திலேயே கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளம் பதிந்துகொண்டே செல்கிறது. யாராவது அரங்கில் உட்கார்ந்து கேமராவில் திருட்டுத்தனமாகப் படம் பிடித்தால், அந்தப் பிரதியை ஆராய்ந்து, எந்த அரங்கில், எந்தக் காட்சியில் பிடிக்கப்பட்டது என்று கண்டுபிடித்துவிடலாம்.

பெட்டியைக் கையில் வைத்திருந்தவரிடம் முன்பு அதிகாரம் இருந்தது. இன்று அது சாவியை வைத்திருப்பவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதுவே இந்த மாறுதலின் உட்பொருள் என்று நான் கருதுகிறேன். பழைய நாளில், படத்துக்குக் கடன் கொடுத்த பைனான்சியர் தம் கடனைப் பற்றிய ‘லேப் லெட்டர்’ ஒன்றை லேபில் பதிவுசெய்து வைப்பார். நெகடிவ் லேபின் காவலில் இருக்கும். கடன் தீர்ந்தது என்ற கடிதம் வரும்வரை பிரதிகள் வெளியே போகா. படம் வெளியாகும் நாளுக்கு முந்தின இரவில் நடந்த பஞ்சாயத்துகள் பிரசித்தமானவை. லேப் மறைந்த பின்னும் அந்தப் பஞ்சாயத்து மறையவில்லை. காலையிலேயே வந்து அரங்கு வாசலில் காத்திருக்கும் ரசிகர்களிடம் ‘கே.டி.எம். வரவில்லை, காட்சி ரத்து’ என்று சொல்லி அனுப்புகிற சம்பவங்கள் அடிக்கடி நடக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு யந்திரக் கோளாறு காரணமாக இருப்பதில்லை. முன்படத்தின் பாக்கியோ, வட்டியோ தீராமல் சாவி தடுத்து நிறுத்தப்பட்டிருக்கும். யந்திரம் எவ்வளவு நவீனமானாலும், இத்தொழிலில் பணம் கடனாகவே புரண்டுகொண்டிருக்கும்வரை இந்த இரவு நேரப் பஞ்சாயத்துக்கு முடிவு வராது.

பிரதிக்குச் செலவில்லை என்றான பிறகு, பெருநட்சத்திரப் படமொன்று மாநிலத்திலுள்ள ஆயிரத்துச் சொச்சம் திரைகளில் பெரும்பாலானவற்றை ஒரே நாளில் கைப்பற்றிக்கொள்ள முடிகிறது. ஏ, பி, சி என்ற படிகள் அழிந்தன. முதல் மூன்று நாட்களிலேயே வசூலில் பெரும்பகுதியை எடுத்துவிட வேண்டுமென்ற அவசரம் பிறந்தது. விமரிசனம் இடைவேளைக்கு முன்பே இணையத்தில் வந்துவிடுகிற காலத்தில், படம் நன்றாயில்லையென்று ஊரார் அறிவதற்குள் பணத்தைச் சேர்த்துவிட வேண்டுமென்பது வியாபாரியின் கணக்கு. முதல் வாரத்தில் விநியோகஸ்தருக்கு அதிகப் பங்கும், போகப்போக அரங்குக்கு அதிகப் பங்கும் என்றிருந்த பழைய ஏற்பாட்டில், படம் நாளாக நாளாக ஓடுவதில் அரங்கு உரிமையாளருக்கு ஓர் அக்கறை இருந்தது. இரண்டாம் வாரத்துக்கே கூட்டம் வராதபோது அந்த அக்கறைக்கு இடமேது?

ஆண்டொன்றுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் படங்கள் வெளியாகின்றன. அவற்றுள் நட்சத்திரம் இல்லாத படங்களே மிகுதி. இவற்றை எடுக்கும் இளைஞர்களுக்கு டிஜிட்டல் யந்திரம் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்துக்கொண்டது. பிலிம் வாங்கவும் பிரதி போடவும் பணமில்லாமல் நின்றுபோயிருக்கக்கூடிய படத்தை அவர்கள் முடித்துவிடுகிறார்கள். நூறு அரங்குகளில் வெளியிடுவதும் முன்போல் அசாத்தியமாக இல்லை. ஆனால், அந்த நூறு அரங்குகளில் அவர்களுக்குக் கிடைப்பது காலை பத்து மணிக் காட்சி அல்லது பகல் இரண்டு மணிக் காட்சி. ஒரே வெள்ளியன்று ஐந்தாறு படங்கள் வருகின்றன. முன்பதிவுக் கணக்கு கணினியில் கண்முன்னே தெரிவதால், வெள்ளிக்கிழமைக் காலைக் காட்சியில் ஆட்கள் குறைந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் காட்சியை எடுத்துவிட்டு, ஓடுகிற படத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அரங்கு உரிமையாளரைக் குற்றஞ்சொல்லிப் பயனில்லை. மின்சாரக் கட்டணமும் ஊழியர் சம்பளமும் அவரை விடா. பார்த்தவர் நான்கு பேர், ‘நல்ல படம், போய்ப் பார்’ என்று தெருவில் சொல்லி, அந்தச் சொல் ஊரெங்கும் பரவுவதற்கு வேண்டியிருந்த பத்து நாள் அவகாசத்தை இந்த வேகம் விழுங்கிவிட்டது என்பதே எனக்குள்ள பெரும் வருத்தம்.

இதற்கிடையே, செலவேயில்லை என்று கருதப்பட்ட இடத்தில் ஒரு புதுச் செலவு முளைத்தது. அரங்குகளில் டிஜிட்டல் புரொஜெக்டரை நிறுவியது யார், அதற்குரிய பணத்தை யார் கட்டுவது என்ற கேள்வியிலிருந்து அது பிறந்தது. பிரதிச் செலவு மிச்சமானவர் தயாரிப்பாளர். யந்திரச் செலவு வந்து விழுந்ததோ அரங்கு உரிமையாளர் மீது. ஆகவே, மிச்சமான பணத்தில் ஒரு பகுதியை யந்திரக் கடன் தீரும்வரை தயாரிப்பாளர் கொடுத்துவரட்டும் என்று அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். வி.பி.எப். எனப்படும் அந்தக் கட்டணம் அங்கே கடன் தீர்ந்ததும் பெரும்பாலும் முடிவுக்கு வந்தது. இங்கேயோ, யந்திரத்தை நிறுவிய சேவை நிறுவனங்கள் வாரக் கட்டணமென்றும், படத்தின் முழு ஓட்டத்துக்குமான கட்டணமென்றும் தயாரிப்பாளர்களிடம் வாங்கிக்கொண்டேயிருந்தன. படத்துக்கு முன்னும் இடைவேளையிலும் காட்டப்படும் விளம்பரங்களால் அந்நிறுவனங்களுக்கும் அரங்குகளுக்கும் வருமானம் வருகிறது; எங்கள் படத்தைப் பார்க்க வந்த ஜனங்களுக்கு விளம்பரம் காட்டிப் பணம் சேர்த்துவிட்டு, எங்களிடமும் கட்டணம் கேட்பது எந்த ஊர் நியாயம் என்று தயாரிப்பாளர்கள் கேட்டார்கள். யந்திரத்தைப் பராமரிப்பதும், சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றுவதும் செலவில்லாத காரியமா என்று நிறுவனங்கள் திருப்பிக் கேட்டன.

2018 மார்ச் 1-ஆம் தேதி முதல் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் புதுப்படங்கள் வெளியிடுவதை நிறுத்தியது. முதலில் சேர்ந்து நின்ற பிற தென்னிந்திய மொழிக்காரர்கள் ஏறத்தாழ ஒரு வாரத்தில் உடன்பாடு கண்டு விலகிவிட, தமிழ்த் தயாரிப்பாளர்கள் மட்டும் ஏப்ரல் மூன்றாம் வாரம்வரை பிடிவாதமாக நின்றார்கள். அரசாங்கத்தின் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்து, கட்டணத்தைக் குறைக்கவும், டிக்கெட் விற்பனையைக் கணினி மயமாக்கவும் இணக்கம் ஏற்பட்ட பிறகு, ஏப்ரல் 20 அன்று கார்த்திக் சுப்பராஜின் ‘மெர்க்குரி’ தமிழ்நாட்டில் திரைக்கு வந்தது. வசனமே இல்லாத படமொன்று அந்த நீண்ட மௌனத்தை உடைத்து வந்தது தற்செயல்தான். அந்த வேலைநிறுத்தத்தில் எழுந்த கோரிக்கைகளுள் மிக முக்கியமானது கட்டணக் குறைப்பென்று பலர் நினைக்கிறார்கள்; எனக்கோ, டிக்கெட் கணக்கைத் திறந்து வைக்கவேண்டுமென்ற கோரிக்கையே பெரிதாகத் தோன்றுகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கொட்டகைக்கு வெளியே, வீட்டுக்குள் படம் நுழைந்த கதை இதைக் காட்டிலும் கொந்தளிப்பானது. கமல்ஹாசன் தம் ‘விஸ்வரூபம்’ படத்தை, 2013 ஜனவரியில் அரங்குகளுக்கு வருவதற்கு முன்பே, டி.டி.எச். வழியாக வீட்டுக்கு 1000 ரூபாய் கட்டணத்தில் காட்டப் போவதாக அறிவித்தபோது அரங்கு உரிமையாளர்கள் வெகுண்டெழுந்தார்கள், அத்திட்டம் கைவிடப்பட்டது. 2015-இல் இயக்குநர் சேரன், ‘ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை’ படத்தைத் தம்முடைய ‘சினிமா டு ஹோம்’ திட்டத்தின் மூலம் டி.வி.டி.யாக நேரே வீடுகளுக்கு அனுப்பினார். இருவரும் காலத்துக்குச் சற்று முந்திவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். 2016-இல் நெட்பிளிக்ஸும் அமேசான் பிரைமும் இந்தியாவுக்கு வந்தன. அதே ஆண்டில் ஜியோ தொடங்கப்பட்டு, கைபேசியில் இணையத்தின் விலை தடாலென்று வீழ்ந்தது. நிலம் பண்பட்டிருந்தபோது, 2020-இல் கொரோனா வந்து அரங்குகளை மூடிற்று. அந்த ஆண்டு மே 29-ஆம் தேதி, நடிகர் சூர்யாவின் நிறுவனம் தயாரித்த ‘பொன்மகள் வந்தாள்’ நேரே பிரைமில் வெளியானது. சூர்யாவின் நிறுவனத்துப் படங்களை இனித் திரையிட மாட்டோம் என்று அரங்கு உரிமையாளர்கள் சூளுரைத்திருந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அவர் நடித்த ‘சூரரைப் போற்று’ அதே வழியில் வந்தது. சிறந்த படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. 2021 பொங்கலுக்கு, பாதி இருக்கைகளே அனுமதிக்கப்பட்ட அரங்குகளை நிரப்பிய ‘மாஸ்டர்’, பதினாறே நாட்களில் வீட்டுத் திரைக்கு வந்தபோது, சூளுரைத்தவர்களும் புதிய நிலைமையோடு சமாதானம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

இன்று அரங்குக்கும் வீட்டுக்கும் இடையேயுள்ள இடைவெளி தமிழில் பெரும்பாலும் நான்கு வாரம்; இந்திப் படங்களுக்குப் பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் எட்டு வாரம் கேட்கின்றன. இந்த வேறுபாட்டினால்தான் 2023-இல் ‘லியோ’ படத்தின் இந்தி வடிவம் அந்த மல்டிபிளெக்ஸ்களில் வெளியாகவில்லை. தமிழ்நாட்டு அரங்கு உரிமையாளர்களும் எட்டு வாரம் கேட்டு வருகிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நான்கு வாரம் பொறுத்தால் குடும்பம் முழுவதும் வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று தெரிந்த தகப்பனார், நான்கு டிக்கெட்டும் வண்டி நிறுத்தும் கட்டணமும் பாப்கார்னும் சேர்ந்து என்ன ஆகுமென்று கணக்குப் போடாமல் இருப்பாரா?

தயாரிப்பாளருக்கு, இணையம் வழியே வீட்டுக்குப் படம் காட்டும் ஓ.டி.டி. நிறுவனங்கள் முதலில் காமதேனுவாகத் தோன்றின. படத்தின் செலவில் பெரும்பகுதி அவற்றின் விலையிலேயே கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் நடிகர் சம்பளம் உயர்ந்தது, பட்ஜெட் வீங்கியது. பின்னர் அந்த நிறுவனங்கள் கையைச் சுருக்கிக்கொண்டன. எல்லாப் படங்களையும் வாங்குவதில்லை. வாங்குகிற படம் எந்த மாதத்தில் அரங்குக்கு வரவேண்டும் என்பதையும் தங்கள் அட்டவணையைப் பார்த்து நிர்ணயிக்கத் தொடங்கின. சிறிய படக்காரர்களுக்கோ, முதலில் அரங்கில் ஓடிக் காட்டுங்கள் என்ற பதில். அரங்கிலோ மூன்று நாளில் எடுத்துவிடுகிறார்கள். முடித்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குவார் இல்லாமல் திகைக்கும் தயாரிப்பாளர்கள் இன்று எத்தனையோ பேர்.

ஏரியா விநியோகஸ்தர் என்ன ஆனார்? சிலர் இன்னும் இருக்கிறார்கள். ஆயின், பெரும்பாலோர் தம் பணத்தைப் பணயம் வைப்பதை விட்டுவிட்டுக் கமிஷனுக்கு வேலை செய்கிறார்கள், அல்லது சென்னையில் மாநிலம் முழுமைக்கும் உரிமை வாங்கும் ஒரு பெரிய நிறுவனத்தின் கீழ் ஏஜெண்டாக இருக்கிறார்கள். நஷ்டத்தை ஏற்கும் தோள்கள் எட்டு இருந்த இடத்தில், ஒன்றோ இரண்டோ மீந்திருக்கின்றன. சந்தையை அறிந்த எட்டு வேறு வேறு மனிதர்களின் தீர்ப்புக்குப் பதிலாக, சில அலுவலகங்களின் தீர்ப்பே எந்தப் படம் எத்தனை திரையில் வருமென்பதை முடிவு செய்கிறது. இது கலைக்கு நல்லதென்று என்னால் கருத முடியவில்லை. மறுபுறம், கடல் கடந்த தமிழருக்கு இதே தொழில்நுட்பம் செய்திருக்கும் உபகாரம் அளவிடற்கரியது. பெட்டி கப்பலேறியும் விமானமேறியும் வரக் காத்திருந்த மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும், பாரிஸிலும் டொராண்டோவிலும், சென்னை பார்க்கும் அதே நாளில் படம் பார்க்கிறார்கள். வெளிநாட்டு உரிமை இன்று பெரிய படங்களின் வரவுசெலவில் ஒரு முக்கியமான வரியாகிவிட்டது.

இன்னொரு விஷயம், விநியோகத்தோடு சம்பந்தமில்லாததுபோல் தோன்றினும், அதிலிருந்தே கிளைப்பது. தமிழின் முதற் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ 1931-இல் வெளியானது. அதன் பிரதி ஒன்றுகூட இன்றில்லை. தென்னிந்திய மௌனப் படங்களுள் நமக்கு மிஞ்சியிருப்பது 1933-இல் வந்த ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றே. புனேயில் 1964-இல் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் அது இருக்கிறது. அந்தக் காப்பகத்தைக் கட்டியெழுப்பிய பி. கே. நாயர் ஊர் ஊராக அலைந்து படங்களைச் சேகரிக்க முடிந்ததற்குக் காரணம், பிரதிகள் எங்கெங்கோ பரவிக் கிடந்ததுதான். இன்றைய படம் பரவிக் கிடப்பதில்லை. ஓட்டம் முடிந்ததும் அரங்கின் யந்திரத்திலிருந்து அழிக்கப்படுகிறது; சாவி காலாவதியாகிவிட்ட பிரதி எவர் கையிலிருந்தாலும் திறவாது; அலமாரியில் வைத்த ஹார்ட் டிஸ்க் சில ஆண்டுகளில் சொல்லாமல் கொள்ளாமல் செயலற்றுப் போகும். பூட்டப்படாத மூலப் பிரதியைப் பத்திரப்படுத்தி, சில ஆண்டுகளுக்கொருமுறை புதிய சாதனத்துக்கு மாற்றி வைக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. கடனில் முழுகிய சிறு தயாரிப்பாளர் அதைச் செய்வாரென்று எதிர்பார்க்க இடமில்லை. தணிக்கைச் சான்றிதழ் பெறும் ஒவ்வொரு படத்தின் மூலப் பிரதியும் அரசுக் காப்பகத்தில் சேர்க்கப்பட வேண்டுமென்று சட்டமே வகுத்துவிடலாம்.

முன்பு சொன்ன டிக்கெட் கணக்குக்கு வருகிறேன். படம் எந்த அரங்கில், எந்தக் காட்சியில், எத்தனை பேரால் பார்க்கப்பட்டது என்பதை அந்தக் கணத்திலேயே சொல்லக்கூடிய சாதனம் கையிலிருந்தும், தமிழ்ப் படமொன்றின் உண்மையான வசூல் இன்னும் பொதுவில் வைக்கப்படுவதில்லை. நூறு கோடி, இருநூறு கோடி என்று விளம்பரத்தில் வருவது யாரோ சொல்லும் எண். அமெரிக்காவில் அரங்குகளின் வசூல் விவரம் ஒரே இடத்தில் திரட்டப்பட்டுத் தினந்தோறும் வெளியாகிறது. இங்கும் எல்லா அரங்குகளின் டிக்கெட் விற்பனையும் ஒரே சர்வரில் பதிவாகி, தயாரிப்பாளரும் விநியோகஸ்தரும் சர்க்காரும் ஒரே கணக்கைப் பார்க்கும்படி செய்துவிட்டால், நியாயமான பங்கைப் பற்றிய சண்டை பாதியாகக் குறையும். பொய்யான வசூலைக் காட்டி உயர்த்தப்படும் சம்பளங்களும் அடங்கும். வங்கிகளும் இத்தொழிலுக்குக் கடன் கொடுக்கத் துணியும். இதைச் செய்வதற்குப் புதிதாக எந்த விஞ்ஞானமும் கண்டுபிடிக்கப்பட வேண்டியதில்லை. தொழிலிலுள்ளவர்களுக்கு மனம் மட்டும் வேண்டும்.

ரசிகராகிய நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. பெரிய நட்சத்திரம் இல்லாத படமொன்றைப் பற்றி நல்ல வார்த்தை காதில் விழுந்தால், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். அடுத்த வாரம் அது அரங்கில் இருக்காது. வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களுக்குள், பகல் காட்சியேயானாலும் சிரமம் பாராமல், வீட்டாரையும் அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பிடித்திருந்தால் அன்றைக்கே நாலு பேரிடம் சொல்லுங்கள்.